கணக்கில் ஏறிய மரம்: செட்டிநாட்டில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

காரைக்குடியில் ரயில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. கார்த்திகை மாதத்து ஈரம். பிளாட்பாரத்து டீக்கடையில் மட்டும் வெளிச்சம். செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடு பார்க்கத்தான் வருவார்கள்: கானாடுகாத்தான், ஆத்தங்குடி டைல்ஸ், கட்டிப்பிடித்தால் கை எட்டாத பர்மாத் தேக்குத் தூண், அப்புறம் ஒரு மதியச் சாப்பாடு. நான் வந்திருப்பது ஒரு புளியமரத்துக்காக.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் அம்மா ஊர். ஊர்ப் பெயர் இப்போதைக்கு வேண்டாம். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் விலக்கில் அந்த மரம் நிற்கிறது, அம்மாவைப் பெற்ற ஐயா வைத்தது. ஐப்பசியில் மாமா போன் செய்து, "மாப்ளே, ஐயா வச்ச மரத்துல நம்பர் போட்டுட்டுப் போயிருக்காக" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மரத்துக்குச் சட்டத்தில் ஏதாவது பிடிமானம் இருக்கிறதா, யாரிடம் போய்க் கேட்க வேண்டும், அதைப் பார்ப்போம், அப்படியே இந்தச் சீமையில் சட்டம் காவல் காக்கிற மற்ற மரங்களையும் பார்த்துவிடுவோம் என்று லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன். தினமும் இரவு எழுதிப் போடுகிறேன்.

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகப் போகிற பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தைலமரக் காடு வந்துகொண்டே இருக்கும், நடுநடுவே முந்திரி. பிள்ளையார்பட்டி விலக்கைத் தாண்டும்போது பக்கத்து சீட்டுப் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கே தலமரம் மருதம், சிவனுக்கும் மருதீசர் என்றுதான் பெயர். சாமி பெயரிலேயே மரம் இருந்தால் அதன் மேல் யார் கோடாலி வைப்பார்கள்.

விலக்கில் மாமா நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிராம உதவியாளர் என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் ஊரில் அவர் இன்னும் தலையாரிதான். பையைக்கூட வாங்காமல் நேரே மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மரத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை அடித்து, கறுப்பில் 47 என்று எழுதியிருந்தார்கள். பெயிண்ட் புதிது. ஆனால் கொஞ்சம் மேலே, மரத்தின் தெற்குப் பக்கத்தில், ஒரு பழைய தகரத் துண்டு இருப்பதை மாமா காட்டினார். எப்போதோ ஆணியடித்த எண் தகடு. பட்டை வளர்ந்து வளர்ந்து நாலு பக்கமும் உதடு மாதிரி மூடிக்கொண்டு வர, நடுவில் விரல்நகம் அளவுக்குத் துரு மட்டும் தெரிந்தது. என்ன எண் என்று படிக்க முடியவில்லை, மரம் அதை விழுங்கிவிட்டது.

"நம்பர் போடுறதெல்லாம் வெட்டுறதுக்குன்னு நெனைக்காத. கணக்குல இருக்குறதுக்கும் நம்பர்தேன்" என்றார் மாமா.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 2சி பற்றிச் சொன்னார். கிராமக் கணக்கில் 2சி என்று ஒன்று உண்டு, மரப்பட்டாக் கணக்கு. அரசுப் புறம்போக்கில் ஒருவர் மரம் வைத்து வளர்த்தால் மரத்தை அவர் பெயரில் அதில் ஏற்றுவார்கள். நிலம் சர்க்காருடையது, பலன் வைத்தவருடையது. காயைப் பறித்துக்கொள்ளலாம், பழத்தை உலுக்கிக்கொள்ளலாம், ஆனால் கேட்காமல் கோடாலி போடக்கூடாது. வருஷா வருஷம் ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கிறபோது, மற்ற கணக்குகளோடு இதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். எத்தனை ஊர்ச் சாலைகளின் நிழல் இந்த ஒரு நோட்டிலிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மரத்தை வைக்கிறவனுக்கு அதில் ஒரு பாத்தியதையைக் கொடுத்தார்கள், அவன் அதைக் காத்தான், அவ்வளவுதான் விஷயம். ஐயா பெயரும் அந்தக் கணக்கில் இருந்ததாம். தாள் எங்கே என்று கேட்டேன். தேடணும் என்றார்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலை ஆறரைக்கெல்லாம் கொள்ளுக்குடிப்பட்டி. திருப்பத்தூரிலிருந்து மதுரை ரோட்டில் போகவேண்டும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்பது காகிதத்தில் உள்ள பெயர். வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி என்று கண்மாய்கள் சேர்ந்தது, மொத்தமே சுமார் 38 ஹெக்டேர்தான். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள்.

கரையில் ஏறினால் முதலில் வாடைதான் வரும், மீனும் எச்சமும் ஈரச் சேறும் கலந்த வாடை. அதற்கப்புறம் சத்தம். தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கிற நாட்டுக்கருவேல மரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் கூடு, கூட்டுக்கு மேல் கூடு. மரம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளை. நத்தை குத்தி நாரைகள்தான் அதிகம். மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்கும் அந்த அலகைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வாட்சர் ஒருவர் தன் பைனாகுலரைக் கொடுத்தார். ஒரு தாய் நாரை கூட்டு ஓரத்தில் வந்து உட்கார்ந்து தொண்டையைக் குலுக்கி எதையோ கக்கியது, மூன்று குஞ்சுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பொறுக்கின. அந்தக் கிளை அப்போது எப்படி ஆடியது தெரியுமா, ஒடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கருவேலங்கிளை வளையும், ஒடியாது. முள்ளும் இருக்கிறது, கீழே தண்ணீரும் இருக்கிறது, பாம்பும் பூனையும் சுலபமாக ஏறிவர முடியாது. நாரை இந்த மரத்தைத் தேடி வருவதன் காரணம் இதுதான் என்றார் வாட்சர். இவை தவிர சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா. நான் பார்த்தவரை எழுதுகிறேன்.

சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே வந்துவிடும். அதன் 29ஆம் பிரிவின்படி அனுமதி இல்லாமல் உள்ளே இருக்கும் எதையும் அழிக்கக்கூடாது, எடுக்கக்கூடாது. பறவையோடு நிற்காமல் அதன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் காவல், அதாவது மரத்துக்கும் தண்ணீருக்கும். இந்தக் கருவேல மரங்கள் பட்டா, சிட்டா எதுவும் இல்லாமல் சட்டத்துக்குள் வந்தது இப்படித்தான்.

ஆனால் இங்கே சட்டம் 1977இல்தான் வந்தது, நாரைகள் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டன. ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, அரை நூற்றாண்டாக. கல்யாணத்துக்கும் வேட்டு இல்லை, சாவுக்கும் இல்லை. கரையோரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், பிள்ளைகள் அழ மாட்டார்களா என்று கேட்டேன். "மொதப் பேறுகாலத்துக்குப் பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கயில யாராச்சும் வாசல்ல வேட்டுப் போடுவாகளா?" என்று திருப்பிக் கேட்டார். தீபாவளிக்கு வனத்துறையிலிருந்து ஊருக்கு இனிப்பு வருமாம். கைம்மாறும் ஊருக்கு உண்டு. எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, அது உரம்.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். கருவேலம் என்றாலே இப்போது எல்லோருக்கும் சீமைக்கருவேலம்தான் நினைவுக்கு வருகிறது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதும் ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. தன் கண் முன்னாலேயே, எங்கள் ஊர்க் கண்மாயில், அந்த வேகத்தில் நாலைந்து நாட்டுக்கருவேலமும் சேர்ந்து போயிற்று என்றார் மாமா. இரண்டும் ஒன்றல்ல. நாட்டுக்கருவேலத்தின் காய் மணி கோத்தமாதிரி இடுப்பு இடுப்பாக இருக்கும், பூ மஞ்சள் உருண்டை, முள் வெளுத்து நீளமாக ஜோடி ஜோடியாக இருக்கும். தயவுசெய்து காயைப் பார்த்துவிட்டு மரத்தில் கை வையுங்கள்.

மூன்றாம் நாள், சனி

புதன்கிழமைதான் திருக்கார்த்திகை முடிந்திருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் சொக்கப்பனை எரிந்த இடம் இன்னும் கறுப்பாகக் கிடந்தது, நடுவில் கரிந்த அடிமரம். பக்கத்தில் போனால் இன்னும் புகை வாசம்.

இன்றைக்குப் பனைநாள். தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் வேளாண்மைக்கென்று முதல்முறையாகத் தனி நிதிநிலை அறிக்கை போட்டார்கள் அல்லவா, அதில்தான் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். சொந்த நிலத்தில் நின்றாலும் சரி.

இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எங்களுக்குக் கண்மாய்க்குக் கீழே ஒரு துண்டு நிலம், அதன் வரப்பில் வரிசையாகப் பதினான்கு பனை நின்றது. 2012இல் எனக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டியிருந்தபோது அப்பா அவற்றைச் செங்கல் சூளைக்குக் கொடுத்தார். சூளைக்காரர்கள் அப்போது லாரியோடு ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள், எரிக்கத்தான். ஒரே நாள் மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. நான் அப்போது ஊரில் இல்லை. இன்று அந்த வரப்பில் நடந்தேன். அடிக்கட்டைகள் உளுத்துப் போய் கையால் தொட்டால் நார் நாராகப் பிரிகின்றன. ஒரு கட்டையின் நடுவில் பள்ளம் விழுந்து மழைத்தண்ணீர் தேங்கி, அதில் தவளைக் குஞ்சுகள். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு பனை காய்க்கப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வருஷம் ஆகும், இருபதும் ஆகும். அது வரை அது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. பாளை விட்ட பிறகுதான் இது அலகு, இது பருவம் என்று சொல்ல முடியும். அப்படி யாரோ காத்திருந்து ஆளாக்கிய பதினான்கு மரம், என் ஒரு வருஷப் படிப்பு.

அந்த அறிவிப்பு ஒன்பது வருஷம் முன்னால் வந்திருந்தால்? அப்பா வேறு எங்காவது கடன் வாங்கியிருப்பார். அது சுலபமாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சட்டம் வெறும் தடையாக மட்டும் இருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். பனை நிற்பதால் வீட்டுக்கு ஏதாவது வரவேண்டும்.

வருகிற வழியும் இந்த ஊரிலேயே இருக்கிறது. சாயங்காலம் மாமாவுக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் கொட்டான் முடைவதைப் பார்த்தேன். செட்டிநாட்டில் கல்யாணம், சடங்கு என்றால் பலகாரம் கொட்டானில்தான் போகும். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஊசியைவிடக் கொஞ்சம் பெரிய கத்தியால் ஓர் அங்குலத்தில் ஏழெட்டுக் கீற்றாகக் கிழிக்கிறார். பார்க்காமலே கிழிக்கிறார், பேச்சு என்னோடு, விரல் ஓலையோடு. ஒரு மரத்தில் குருத்தை அளவாகத்தான் எடுக்க வேண்டும், பேராசைப்பட்டால் மரம் கெட்டுவிடும் என்று அவர் சொன்னது எந்த அரசாணையிலும் இல்லாத விதி. ஓலைக்கு மரம் ஏற ஆளில்லை என்பதுதான் அவருடைய கவலை. ஏறத் தெரிந்தவர்களுக்கு வயசாகிவிட்டது.

ஊருணிக்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்ட பனங்கொட்டைகள் முளைத்திருக்கின்றன. ஒற்றை ஓலை, விசிறி விரியாத ஓலை. எண்ணினேன், இருபத்தாறு.

நான்காம் நாள், ஞாயிறு

காலையில் காரைக்குடியில் உறவுக்காரர் வீட்டில் ஒரு எட்டு. கொல்லையில் சந்தனம் ஒன்று தானாக முளைத்து மூன்றாள் உயரத்துக்கு நிற்கிறது. அத்தைக்கு ஒரே பயம், வீட்டில் சந்தனமரம் இருந்தாலே கேஸ் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இல்லை அத்தை, பட்டா நிலத்தில் வளர்க்கலாம், மரம் உங்களுடையதுதான், வெட்டுவதென்றால் மட்டும் வனத்துறை மூலமாகப் போகவேண்டும் என்று சொன்னேன். முழுசாக நம்பினாரா தெரியவில்லை, ஆனால் வெந்நீரை அதன் அடியில் ஊற்றுவதை நிறுத்துகிறேன் என்றார். போதும்.

அங்கிருந்து இலுப்பைக்குடி பக்கம்தான். நகரத்தார் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்போமே, அந்த இலுப்பை. கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம்.

மதியத்துக்கு மேல் எங்கள் ஊர் அய்யனார் காடு. எல்லையிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார் மாமா. உள்ளே போனதும் வெளிச்சம் குறைந்து காற்று குளிர்ந்தது. வீரை, உலக்கைப்பாலை, காயா, உசிலை, காட்டெலுமிச்சை. இந்த வறண்ட சீமையில் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற காடு முன்பு நிறைய இருந்திருக்கிறது, இப்போது கோயில்காடாக இருக்கிற இடத்தில்தான் மிச்சம். உசிலை இலையைக் கசக்கி என் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டார், வழுவழுவென்று நுரைத்தது. அம்மா தலைக்குத் தேய்த்த அரப்பு. மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன, பழசெல்லாம் காது உடைந்து, கால் மண்ணில் புதைந்து. ஒரு குதிரையின் வயிற்றுக்குள்ளிருந்து காயாச் செடி ஒன்று வெளியே வந்திருந்தது. காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள், பொங்கல் வைப்பதென்றால் இங்கேயே பொறுக்கி இங்கேயே எரிப்பார்கள்.

இவ்வளவு நாள் அய்யனார் பார்த்துக்கொண்டார். ஆனால் நிலம் புறம்போக்கு. கணக்கில் காடு என்று இல்லை, மரம் எத்தனை என்றும் இல்லை. நம்புகிற தலைமுறை போன பிறகு?

இதற்கு வழி இருக்கிறது என்பதைத்தான் மாமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரிலுள்ள மரம் செடி கொடிகளை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. அதே சட்டத்தில்தான் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கவும் இடம் இருக்கிறது. மேலூர் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் தலமாக அறிவித்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கமே டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் வந்தபோது, ஊர் ஊராக மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த அறிவிப்பு கையில் இருந்தது அவர்களுக்கு எவ்வளவு பெரிய பலம். அப்புறம் 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு. அது 4.97 ஹெக்டேர்தான், பன்னிரண்டு ஏக்கர் சுமார். சின்னக் காடு என்று யாரும் தள்ளவில்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஒவ்வொரு மரத்தையும் எழுதணும்" என்றார். ஆமாம் என்றேன். "எழுதிருவோம்."

இருட்டும்வரை எழுதினோம். மாமா பெயர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவருக்குப் பெயர் தெரியாத மரம் இரண்டே இரண்டு.

ஐந்தாம் நாள், திங்கள்

தாள் கிடைத்துவிட்டது! ஐயாவின் தகரப் பெட்டியில், பத்திரங்களுக்கு அடியில், பழைய பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தது. பசலி 1371, அதாவது 1961-62. மையெல்லாம் பழுப்பாகிவிட்டது, ஆனால் ஐயா பெயர், சர்வே எண், புளி ஒன்று என்பது தெளிவாகப் படிக்க முடிகிறது. மாமா வீட்டு அத்தை அதைக் கையில் வாங்கி மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திங்கள்கிழமை என்றால் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். பத்து மணிக்கெல்லாம் கூட்டம். மனுவை நானே எழுதினேன், மாமா ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அரசு நிலத்திலும் சாலையோரத்திலும் நிற்கும் மரங்களை வெட்டுவதற்கு முன்னால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு பார்க்க வேண்டும், 2021இலிருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது. அதைத்தான் கேட்டோம்: குழு நேரில் வந்து பார்க்கட்டும், மரத்துக்கு எதிர்ப்பக்கம் புறம்போக்கு வெறும் பொட்டலாகக் கிடக்கிறது, ரோட்டை அந்தப் பக்கம் நாலு முழம் நகர்த்தினால் மரம் தப்பிக்கும். 2சி நகல், போட்டோ, நேற்று எழுதிய காட்டுப் பட்டியலும் தனி மனுவாக.

வரிசையில் நிற்கும்போது மாமா ஒரு தடவை வெளியே போய் வந்தார். ஓய்வு பெற்றபிறகு அலுவலகத்துக்குள் மனு கொடுக்கிற ஆளாக வந்தது இதுதான் முதல் தடவை என்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மனுவை வாங்கிக்கொண்டு எண் போட்ட ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். எப்போது வருவார்கள், என்ன முடிவாகும், இன்றைக்குத் தெரியாது.

திரும்பும்போது விலக்கில் இறங்கினோம். கயிறு கொண்டு வந்திருந்தேன், மரத்தைச் சுற்றி அளந்தோம், அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் நின்று. எட்டு முழமும் நாலு விரலும். காய் இன்னும் பச்சை, கீறினால் உள்ளே வெள்ளையாக, பல் கூசுகிற புளிப்பு. கிளை நிறையக் காய்.

மாமா மனுச் சீட்டை 2சி தாளின் மடிப்புக்குள் வைத்து, அதைத் திரும்பப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார்.

"மாசியில உலுக்கணும், ஆள் பத்தாது. லீவு சொல்லிட்டு வந்துரு மாப்ளே."